தாழ்வாரத்துல ஓட்டை போடுற கருவண்டும் எங்க முருங்கைக்காடும்

கருவண்டு, அதான் ங்ஙொய்ங்னு பறக்குற பெரிய கருப்புத் தேனீ வகை, மரத்துல ஓட்டை போடுதுன்னு சொன்னா நம்ம ஊர்ல உடனே ரெண்டு யோசனை வரும். பெட்ரோலை ஊத்தி அடைச்சு விடு, இல்லன்னா கொசு பேட்டை எடுத்துட்டு வாசல்ல நின்னு வர்றதையெல்லாம் அடி. சொல்றவங்க வீட்டு மரம் போகுதேங்கற அக்கறைலதான் சொல்றாங்க, அது எனக்குப் புரியுது. ஆனா அந்தப் பதில் எனக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது, போன தை மாசத்துல இருந்து மனசுக்குள்ள அதையே உருட்டிட்டு இருக்கேன். ஏன்னா எங்க வீட்டுத் தாழ்வாரத்துல ஓட்டை போடுற அதே வண்டுதான் எங்க முருங்கைக்காட்டுல காய் பிடிக்க வைக்குது. இதைச் சொன்னா பாதிப்பேர் நம்ப மாட்டேங்கறாங்க, நம்புறவங்களும் "அதுக்காக வீட்டை விட்டுர முடியுமா"ன்னு கேக்கறாங்க. விட வேணாம், மரத்தையும் காப்பாத்தலாம் வண்டையும் கொல்லாம இருக்கலாம், ஆனா அது என்ன பண்ணுது எப்ப பண்ணுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும், அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

எங்க ஊர் திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம். முருங்கை தெரிஞ்சவங்களுக்கு இந்தப் பேரைச் சொன்னா போதும். நான் திருப்பூர்ல ஒரு கம்பெனில கணக்கு பாக்குறேன், வீடும் காடும் அப்பா அம்மா பொறுப்புல, வாரக் கடைசில போயிட்டு வர்றதுதான். பழைய ஓட்டு வீடு, உள்ள ஆசாரத்துக்கெல்லாம் (கூடம்) பனஞ்சாத்து (பனைமரச் சட்டம்), அப்பாரு காலத்துல போட்டது இன்னும் அசையாம நிக்குது. முன்பக்கத் தாழ்வாரம் மட்டும் கரையான் பிடிச்சு இறங்கிடுச்சுன்னு சில வருசம் முன்னாடி பிரிச்சு புதுசா போட்டாங்க. தேக்கு விலைக்குப் பக்கத்துல போக முடியல, வேம்பு நல்ல மரமா அமையல, அதனால கைமரம், ரீப்பர், தூண் எல்லாமே மலைவேம்பு. பெயின்ட் அப்புறம் அடிச்சுக்கலாம்னு அப்பா ஒரு கை வார்னிஷோட நிறுத்திட்டார், வெயில்லயும் சாரல்லயும் அந்த வார்னிஷும் சீக்கிரமே போயிடுச்சு. லேசான மரம், மேல பூச்சு இல்ல, வெளுத்து நல்லா காய்ஞ்சு கிடக்கு, ஓடு இருக்கறதால மழையும் படாது. கூடு கட்ட இடம் தேடுற கருவண்டுக்கு இதைவிட என்ன வேணும்.

முதல்ல கவனிச்சது அம்மா. காலைல திண்ணை கூட்டும்போது தினமும் ஒரே இடத்துல மரத்தூள் குவிஞ்சு கிடக்குன்னு போன்ல சொன்னாங்க, கரையான் மறுபடி வந்துருச்சுன்னு பயம் வேற. இந்த இடத்துல நிறையப் பேர் குழம்புறாங்க. கரையான்னா மண்ணு தெரியும், சுவத்துல இருந்து மரத்துக்கு மண்ணுப் பாதை ஏறும், தூள் கொட்டாது. மரம் உளுத்துப் போறதுன்னா குண்டூசி நுழையற அளவுக்குப் பொடி ஓட்டை, கீழ மாவு மாதிரி நைஸா பொடி. கருவண்டு ஓட்டை அப்படி இல்ல, விரல் நுழையற அளவு, காம்பஸ் வச்சு வரைஞ்ச கணக்கா சுத்தமான வட்டம், கீழ கிடக்கற தூளு சொரசொரன்னு இருக்கும், ஓட்டைக்குக் கீழ மரத்துலயோ சுவத்துலயோ மஞ்சளா கறை வழிஞ்சிருக்கும், அது வண்டோட எச்சம். பெரும்பாலும் அடிப்பக்கத்துலதான் ஓட்டை போடும், அதனால நேரா நின்னு பாத்தா தெரியாது, குனிஞ்சு அண்ணாந்து பாக்கணும். எங்க வீட்டுல ரெண்டு கைமரத்துலயும் வாசப்படிக்கு இடது பக்கத் தூண்லயும் இருந்துச்சு.

பெரியப்பா வீட்டுல நடந்தது

எங்க வீட்டுக்கு முன்னாடியே பெரியப்பா வீட்டுல இது வந்துச்சு. அவங்க பூச்சி மருந்து அடிக்கற ஆளைக் கூப்பிட்டாங்க. அவர் வந்தார், என்ன வண்டு, உள்ள குஞ்சு இருக்கா, காலியா, எதுவும் பாக்கல, ஒவ்வொரு ஓட்டைலயும் ஊசி வச்சு மருந்தை ஏத்தினார், அப்பவே எம்-சீல் வச்சு அடைச்சார், காசு வாங்கிட்டுப் போயிட்டார். மறுநாள் வாசல் பூரா வண்டு விழுந்து கிடந்துச்சு. வெளிய போயிருந்து திரும்பி வந்ததுங்க அடைச்ச இடத்துலயே மோதி மோதிச் சுத்துச்சு. அதுக்கு அப்புறம் உள்ள செத்ததைத் தின்ன எறும்பு வரிசை கட்டி ஏறிச்சு, பெரியம்மா அந்த எறும்புக்கு வேற பவுடர் போட்டாங்க. இவ்ளோ பண்ணியும் அடுத்த பட்டத்துல புது வண்டு வந்து அடைச்ச ஓட்டைக்கு ஒரு ஜாண் தள்ளி புதுசா போட ஆரம்பிச்சிருச்சு. எனக்கு இதுதான் உறுத்திட்டே இருக்கு. செத்ததும் ஆச்சு, காசும் போச்சு, மரமும் மறுபடி ஓட்டை. வந்தவர் மரத்துக்கு மேல ஒன்னுமே பண்ணல, அது அப்பவும் வெளுத்துப் போய் பெயின்ட் இல்லாமத்தான் இருந்துச்சு, அப்புறம் ஏன் வராது.

இந்த வண்டுங்க ஏன் திரும்பத் திரும்ப ஒரே வீட்டுக்கு வருதுன்னு நிறையப் பேர் கேக்கறாங்க. அதுங்க பிறந்த இடம் அது. குடைஞ்சு வச்ச பொந்து ஒன்னு கிடைச்சா புதுசா குடையற வேலை மிச்சம், அதனால பழைய ஓட்டையையே சுத்தம் பண்ணி இன்னும் கொஞ்சம் நீட்டிக்கும், இல்ல பக்கத்துலயே ஒன்னு ஆரம்பிக்கும். முதல் வருசத்து ஓட்டையால மரத்துக்குப் பெருசா ஒன்னும் ஆகாது, பாக்க அசிங்கமா இருக்கும் அவ்ளோதான். வருசா வருசம் அதே மரத்துல தலைமுறை தலைமுறையா உள்ள நீட்டிட்டே போகும்போதுதான் ஆபத்து. அதனால பயப்பட வேண்டிய அவசரம் இல்ல, ஆனா அப்படியே விட்டுறவும் கூடாது.

ஆசாரி பிளந்து காட்டினது

இடது பக்கத் தூணை மாத்த வேண்டியிருந்துச்சு, ஓட்டையால இல்ல, அடில ஈரம் ஏறி இத்துப் போயிருந்துச்சு. அந்தத் தூண்ல இருந்த ஓட்டைல ரொம்ப நாளா எதுவும் வந்து போகல, அம்மா ஓட்டையோட வாயில பேப்பர் உருண்டை வச்சுப் பாத்துட்டாங்க, அசையவே இல்ல. எங்களுக்கு வழக்கமா வேலை செய்யற ஆசாரி கழட்டினதும் "உள்ள எப்படி இருக்குன்னு பாக்கறீங்களா அம்மிணி"ன்னு கேட்டுட்டு உளியை வச்சு நீளவாக்குல பிளந்தார்.

வாயில இருந்து ஒரு விரல்கட்டை உள்ள நேரா போயிருக்கு, அங்க இருந்து சட்டுன்னு திரும்பி மரத்தோட ரேகை ஓடுற திசைலயே மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் சுரங்கம். ஆசாரி அவரோட இழைப்புளி வச்சுத் தேய்ச்சாக்கூட அவ்ளோ வழவழப்பு வராதுன்னு சொன்னார், தொட்டுப் பாத்தேன், நிஜம். நடுவுல நடுவுல மரத்தூளை எச்சில்ல குழைச்சு வட்டமா சுருள் சுருளா தட்டி வச்ச தடுப்பு, கொஞ்சம் உடைஞ்சிருந்துச்சு, ஆனா எத்தனை அறை இருந்துச்சுன்னு அடையாளம் தெரிஞ்சுது. ஒவ்வொரு அறைலயும் தாய் முதல்ல மகரந்தத்தையும் தேனையும் பிசைஞ்சு ஒரு உருண்டை வைக்கும், அது மேல ஒரே ஒரு முட்டை, அப்புறம் தடுப்பு, அடுத்த அறை. உலகத்துல இருக்கற பூச்சிகள்லயே ரொம்பப் பெரிய முட்டை போடுறது இந்த இனம்தான், சில வகைல ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டும். அவ்ளோ பெரிய முட்டை போடுறதால எண்ணிக்கை ரொம்பக் கம்மி, ஒரு கூட்டுல ஆறு, எட்டு அறை இருந்தாலே பெருசு. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் தாண்டி வண்டா வர ஒன்றரை மாசம் போல ஆகும், குளிர்னா இன்னும் இழுக்கும். வந்ததும் உடனே பறந்துறாது, கொஞ்ச நாள் உள்ளயே இருக்கும், தாய் வெளிய போய் கொண்டு வந்து ஊட்டும்.

மரத்தைத் தின்னுதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க, ஆசாரியும் அப்படித்தான் நினைச்சிருந்தார். தின்னா தூளு ஏன் கீழ கொட்டப்போகுது. தாடையால கடிச்சுத் துப்புது, அவ்ளோதான், சாப்பாடு பூவுல இருந்து மட்டும்தான். வண்டுன்னு நாம கூப்பிட்டாலும் இது தேனீ வகை, சைலோகோபாங்கற இனம், உலகம் பூரா ஏறக்குறைய 500 வகை இருக்கு. நம்ம பக்கம் வர்ற பெருசு, உடம்பு முழுக்க கருப்பு, ரெக்கை மட்டும் நீலமும் பச்சையும் ஊதாவுமா மினுங்குமே, அது சைலோகோபா லாட்டிபெஸ், ஒரு அங்குலத்துக்கு மேல இருக்கும், தேனீக்கள்லயே பெரிய உடம்புக்காரங்கள்ல ஒன்னு. முதுகு மட்டும் மஞ்சளா இருக்கறது இன்னொரு வகை, சைலோகோபா பியூபெசன்ஸ், அதுல ஆண் உடம்பு பூரா பொன் மஞ்சளா இருக்கும், பெண்ணையும் ஆணையும் பக்கத்துல வச்சா ரெண்டும் ஒரே குடும்பம்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டாங்க. பெரிய வகைங்க சிலதுல பெண்ணோட வயித்துல ஒரு சின்னப் பை இருக்கு, அதுக்குள்ள குட்டி உண்ணிகளைச் சுமந்துட்டே திரியும், கூட்டுல சேர்ற பூஞ்சை கீஞ்சையை அதுங்க சுத்தம் பண்ணிக் குடுக்குதுன்னு கருதறாங்க. உண்ணிக்குன்னு உடம்புலயே ஒரு அறை ஒதுக்கி வச்சிருக்கற ஜீவனை எப்படிங்க பெட்ரோல் ஊத்திக் கொளுத்தறது.

ராத்திரில பறக்குற ஒரு வகையும் இருக்கு, இதைச் சொல்லாம போக மனசு வரல. அதோட பேரு சைலோகோபா டிராங்குபேரிகா. டிராங்குபார்னா நம்ம தரங்கம்பாடி, டேனிஷ்காரங்க 1620ல இருந்து 1845 வரைக்கும் வச்சிருந்த ஊரு, அங்க இருந்து போன பேருதான் 1804ல இதுக்கு வச்சாங்க. மகாராஷ்டிரால பீமாசங்கர் காட்டுல ஆராய்ச்சி பண்ணினவங்க, நிலா இல்லாத ராத்திரிலகூட இது வெறும் நட்சத்திர வெளிச்சத்துல நிறம் பிரிச்சுப் பாத்து தன்னோட கூட்டைக் கண்டுபிடிக்குதுன்னு 2008ல எழுதினாங்க. நமக்கு அந்த இருட்டுல கைகூடத் தெரியாது.

வாசல்ல நின்னு மிரட்டுறது யாரு

குழந்தைங்க இருக்கற வீட்டுல முதல் பயம் கொட்டிடுமோங்கறது. முகத்துக்கு நேரா வந்து அந்தரத்துல நின்னு ங்ஙொய்ங்னு முறைக்குமே, அது ஆண். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, கொட்டவே முடியாது. அது நிக்கறது தன்னோட எல்லையைக் காவல் காக்க, பெண் வருதான்னு பாக்க. எது அசைஞ்சாலும் துரத்திட்டுப் போய் பாக்கும், சின்னக் கல்லை வீசினாக்கூட பின்னாலயே ஓடும். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, கைல பிடிச்சு நசுக்கினாலோ ஓட்டைல விரலை விட்டாலோ கொட்டும், நல்லாவே வலிக்கும், ஒவ்வாமை உள்ளவங்க ஜாக்கிரதையா இருக்கணும். மத்தபடி மலைத்தேனீ மாதிரி கூட்டமா சேர்ந்து துரத்துற பழக்கமே இல்ல, ஒவ்வொரு பெண்ணும் தனித்தனி வீடு, தனித்தனி வேலை. எங்க அம்மா அந்த ஓட்டைக்கு நேர் கீழ உக்காந்துதான் கீரை ஆய்வாங்க.

வேலில இருந்தது வீட்டுக்கு வந்தது

மாசில முருங்கை பூ எடுத்து நிக்கும்போது ஒரு விடிகாலை அப்பா கூட காட்டுக்குப் போனேன். வெயில் ஏற ஆரம்பிச்சதும் கருவண்டு வர ஆரம்பிச்சுது. தேனீ வந்து உக்காந்தா முருங்கைப் பூவு கிட்டத்தட்ட அசையாது. கருவண்டு உக்காந்தா அந்தக் கொத்தே கீழ சாயுது, பூவுக்குள்ள தலையை விட்டுத் தேனை உறியும்போது மகரந்தத்தாளும் சூல்முடியும் அதோட உடம்புல அழுத்தமா தேயுது, அப்படியே அடுத்த மரத்துக்குப் போகுது. 1990ல விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்துல முருங்கைப் பூவுக்கு யாரெல்லாம் வர்றாங்கன்னு உக்காந்து பாத்து எழுதியிருக்காங்க, அதுல முக்கியமான ஆளா சொன்னது இந்த சைலோகோபா வகைகளைத்தான். முருங்கைல எடுக்கற பூவுல பெரும்பகுதி கொட்டிடும், அது எல்லா விவசாயிக்கும் தெரியும், நிக்கறது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்துக்கு யாரு உழைக்கறாங்கன்னுதான் யாரும் கேக்கறதில்ல.

முருங்கையோட நிக்கல. கத்திரிப் பூவையும் தக்காளிப் பூவையும் எடுத்துக்குங்க, அதுல மகரந்தம் ஒரு சின்னக் குழாய்க்குள்ள அடைஞ்சு கிடக்கும், முனைல பொடி ஓட்டை இல்ல கீறல், அது வழியாத்தான் வெளிய வரணும். பூவைக் கவ்விப் பிடிச்சுட்டு உடம்பை அதிர வச்சாத்தான் கொட்டும். நாம பெட்டில வளக்கற தேனீக்கு அந்த வித்தை தெரியாது, கருவண்டுக்குத் தெரியும். அது கத்திரிப் பூவுல இருக்கும்போது சத்தம் மாறும், கவனிச்சுக் கேட்டா பிடிபடும். சரக்கொன்றை, ஆவாரை, எருக்கு எல்லாத்துக்கும் இதோட வரவு வேணும். பிரேசில்ல பேஷன் ஃப்ரூட் தோட்டத்துல கருவண்டு இல்லாத இடத்துல ஆள் வச்சு ஒவ்வொரு பூவா கையால மகரந்தம் தொட்டு வைக்கறாங்க, அதனால வண்டு தங்கறதுக்குன்னே மரக்கட்டையும் மூங்கிலும் தோட்டத்துல வைக்கறவங்க இருக்காங்க. இஸ்ரேல்ல நம்ம ஊர்லயும் இருக்கற அந்த பியூபெசன்ஸ் வகையை பசுமைக்குடில்ல விட்டு முலாம்பழத்துக்குப் பரிசோதிச்சுப் பாத்திருக்காங்க. அங்கெல்லாம் வாங்க வாங்கன்னு வீடு கட்டிக் குடுக்கறாங்க, நாம கொசு பேட்டைத் தூக்கறோம்.

அன்னைக்குக் காட்டுல அப்பாகிட்ட இதைச் சொல்லிட்டே இருந்தேன். அவருக்கு வண்டு மேல கோவம்தான், தாழ்வாரம் அவர் காசு போட்டுக் கட்டினது. கேட்டுட்டே வந்தவர் திடீர்னு நின்னுட்டு, "முன்னயெல்லாம் இது வேலிலதான் இருக்கும், வீட்டுக்கு வராது"ன்னார். எந்த வேலின்னு கேட்டேன். கிளுவை வேலிங்கறார். எனக்கு அந்த வேலி லேசாத்தான் ஞாபகம். எங்க காட்டுல பாதி அப்ப கொறங்காடா, அதாவது மேய்ச்சல் காடா இருந்துச்சு, கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல நடுவுல வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை உயிர்வேலி, ஆடும் மாடும் அதுக்குள்ளதான் மேயும். கிளுவைல பட்டுப் போன குச்சி அங்கங்க நிக்கும், அதை யாரும் வெட்ட மாட்டாங்க, வேலிக்கு அதுவும் பலம்தான். வெள்வேலத்துல காய்ஞ்ச கொம்பு இருக்கும். படல் மூங்கில்ல பண்ணது, கத்திரிக்காட்டுக்குக் குச்சி, பொடலைப் பந்தலுக்குச் சவுக்குக் கால் மூங்கில் கால், எல்லாத்துலயும் இந்த ஓட்டை இருக்கும், சின்னப் பசங்களா இருக்கும்போது அதுல காதை வச்சுக் கேப்பாங்களாம்.

அப்பா அதைச் சொல்லச் சொல்ல நான் சுத்தியும் பாத்தேன். வேலி இப்போ கல்லுக்காலும் முள்ளுக்கம்பியும். பந்தல் கல்லுக்காலும் ஜி.ஐ. கம்பியும். படலுக்குப் பதிலா இரும்பு கேட்டு. கொறங்காட்டை உழுது முருங்கை வச்சாச்சு, வெள்வேல மரம் செங்கச்சூளைக்குப் போயிடுச்சு. முருங்கைல கவாத்து பண்ணி விழுற கொம்பை அன்னைக்கே குவிச்சு நெருப்பு வச்சுர்றோம், காய்ஞ்ச கிளை ஒன்னுகூட மரத்துல நிக்க விடறதில்ல. எங்க காட்டுல கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் விரல் தடிமனுக்கு மேல ஒரு காய்ஞ்ச மரக்கட்டை இல்ல. பூவு மட்டும் முன்னைவிட பல மடங்கு அதிகம். சாப்பாடு இங்க கொட்டிக் கிடக்கு, தங்க இடம் கிடையாது, சுத்துவட்டாரத்துலயே காய்ஞ்ச, மெதுவான, மழை படாத மரம் எங்க வீட்டுத் தாழ்வாரம் மட்டும்தான். அது வேற எங்க போகும். எனக்கு இதுக்கு முன்னாடி வீட்டு மரம் ஒரு பிரச்னை, காட்டுல மகரந்தச் சேர்க்கை வேற ஒரு விசயம், ரெண்டும் தனித்தனியா இருந்துச்சு, அன்னைக்குத்தான் ரெண்டும் ஒன்னாச்சு. நாங்க வேலியைப் பிடுங்கினோம், வேலில இருந்தது வீட்டுக்கு வந்துருச்சு.

அப்பா அப்பவும் முழுசா ஒத்துக்கல. காய்ஞ்ச கட்டையை காட்டுல விட்டா தண்டு துளைக்கற புழு, பட்டை தின்னற புழு எல்லாம் சேரும்னார். நியாயமான பேச்சுதான், முருங்கைக்கு அந்தத் தொல்லை உண்டு. அதனால உயிர் மரத்துல காய்ஞ்ச கிளையை விட வேணாம், வெட்டி நல்லா காய வச்ச கட்டையை மட்டும் முருங்கை வரிசைல இருந்து தள்ளி வேலி ஓரத்துல நடலாம்னு முடிவு பண்ணினோம்.

நாங்க செஞ்சது, செய்யாதது

உள்ள வண்டு இருக்கும்போது ஓட்டையை அடைக்காதீங்க, இதுதான் முதல் விதி. அடைச்சா பெரியவங்க வேற பக்கம் குடைஞ்சு வெளிய வரும், உங்களுக்கு ரெண்டு ஓட்டை ஆயிடும், சின்னது உள்ளயே செத்து எறும்பு வரும். இருக்கா இல்லையான்னு தெரிய பொழுது சாஞ்சப்புறம் வாயில பேப்பர் உருண்டையை லேசா வச்சு விடுங்க, இறுக்கிச் சொருகக் கூடாது. காலைல கீழ தள்ளிக் கிடந்தா ஆள் இருக்கு. பல நாள் அப்படியே இருந்தா, புதுத் தூளும் இல்லன்னா, காலி.

காத்திருக்கற நேரத்துல ஓட்டை விழாத மரத்தையெல்லாம் பாத்துக்கலாம், உண்மையான தடுப்பே அதுலதான் இருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் ஒரு கை, எனாமல் பெயின்ட் ரெண்டு கை. வார்னிஷும் மர எண்ணெயும் போதாது, பெயின்ட் படலம் கெட்டியா மூடியிருக்கற மரத்துல குடைய அதுக்குப் பிடிக்காது. பெயின்டர்கள் விட்டுர்ற இடம் ரெண்டு, ரீப்பரோட அடிப்பக்கம், மரத்தோட வெட்டுமுகம். கூட நின்னு அந்த ரெண்டையும் அடிக்க வைங்க, வண்டு தேடி வர்றது சரியா அந்த இடத்துக்குத்தான். வெளிய நிக்கற தூணுக்கு, பெயின்ட் வேணாம்னா, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப நாளா இருக்கு, கரையானுக்கும் உளுப்புக்கும் அது நல்லது, ஆனா கைல பட்டா தோலைப் பொத்துரும், கையுறை இல்லாம தொடாதீங்க.

காலியான ஓட்டையை அடைக்கும்போது வெறும் புட்டியை அப்பாதீங்க, கடிச்சுத் தள்ளிட்டுப் போயிடும். கம்பி வலையைச் சுருட்டி உள்ள தள்ளி, அதே அளவுக்கு மர ஆப்பு செதுக்கி ஃபெவிகால் தடவி அடிச்சு, மேல புட்டி, அதுக்கு மேல பெயின்ட். எங்க ஆசாரி வேல மரத்துல ஆப்பு செதுக்கினார். தாங்கு மரத்துல பழைய ஓட்டை வரிசையா இருந்தா சுத்தியல்ல தட்டிக் கேளுங்க, நீளத்துக்கும் பொத்துன்னு சத்தம் வந்தா அடைச்சுப் பிரயோஜனம் இல்ல, மாத்தித்தான் ஆகணும், அதுல கஞ்சத்தனம் வேணாம், மேல ஓடு இருக்கு.

பெட்ரோல், மண்ணெண்ணெய், ஓல்டு ஆயில் எதுவும் மரத்துல ஊத்தாதீங்க. ஓட்டு வீட்டு மரத்துல பெட்ரோல் ஊத்தறதோட ஆபத்தைத் தனியா விளக்க வேண்டியதில்ல. எலுமிச்சைத் தோல், ரசகற்பூரம், வேப்பெண்ணெய், வாசனை இருக்கற வரைக்கும் கொஞ்சம் தயங்கும், வாசனை போனதும் வந்துரும், தினமும் பூச யாரு இருக்கா. அப்புறம் ஓட்டை போட்ட மரப்பெட்டி, கீழ ஒரு பாட்டில், வண்டு உள்ள போய் பாட்டில்ல விழுந்து சாகும், அந்த ட்ராப் வீடியோ நிறைய வருது. அது பிடிக்கறது பெரும்பாலும் இடம் தேடி வர்ற பெண்களை. ஒரு பெண் போடுறதே விரல் விட்டு எண்ணுற முட்டை, அதைப் பாட்டில்ல போட்டா நம்ம பூவுக்கு யாரு வருவா.

அதுக்குப் பதிலா மூங்கில் வச்சோம். கட்டைவிரல் நுழையற அளவு உள் துவாரம் இருக்கற காய்ஞ்ச மூங்கிலை, ஒரு பக்கம் கணு மூடியிருக்கற மாதிரி முழ நீளத்துக்கு அறுத்து, கொத்தா கட்டி, மாட்டுக் கொட்டாய் சரிவுக்குக் கீழ படுக்க வச்சுக் கட்டினோம், சாரல் அடிக்காத பக்கம் வாய் இருக்கற மாதிரி. மாத்தின மலைவேம்புத் தூணோட மீதியையும் வேலி ஓரம் நட்டாச்சு, மழை படாம மேல உடைஞ்ச ஓடு ஒன்னு வச்சு. மருந்து ஊத்தின மரத்தை மட்டும் இதுக்குப் பயன்படுத்தாதீங்க, பெரியப்பா எங்ககிட்ட அவங்க விட்டத்தைக் குடுக்கறேன்னார், வேணாம்னுட்டோம்.

வீட்டுல ஒரு கைமரத்துல இன்னும் குடும்பம் இருக்கு, மகரந்தத்தோட உள்ள போறதை அம்மா தினமும் பாக்கறாங்க. அதுங்க கிளம்பினதும் ஆப்பு அடிச்சு பெயின்ட் அடிக்கணும், பெயின்ட் டப்பா வாங்கி வச்சாச்சு. இந்த வருசம் முருங்கை கவாத்துக்கு நெருப்பு வைக்கறதுக்கு முன்னாடி மணிக்கட்டு தடிமனுக்கு மேல இருக்கற கொம்பை மட்டும் தனியா எடுத்து வைக்கணும்னு வேலைக்கு வர்றவங்ககிட்ட அப்பாவே சொல்லியிருக்கார். முருங்கைக்கட்டை சீக்கிரம் இத்துப் போயிடும், வருசா வருசம் புதுசு நடணும், கூடவே வேலி ஓரத்துல கிளுவைப் போத்து (நடுறதுக்கு வெட்டின கொம்பு) வச்சு விடலாம், மழைக்கு முன்னாடி வச்சா பிடிச்சுக்கும்ங்கறார். மூலனூர் தாராபுரம் பக்கம் யார்கிட்டயாவது பழைய கிளுவை வேலி இன்னும் இருந்தா சொல்லுங்க, போத்து வெட்டிக்க வண்டி எடுத்துட்டு வர்றோம்.